அறுபது முகங்கள், எழுபத்தோரு ஆட்கள்

திமிரியிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். பி.ஏ. தேறிய மகனுக்கு ஆம்பூர் டேனரி ஒன்றில் லேபர் கிளார்க் உத்தியோகம் கிடைத்திருக்கிறதாம். ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதன் கடமைகள் என்னென்ன என்று நம்பர் போட்டு ஏழு கேள்விகள். ஏழாவது: தோல் நாற்றம் உடம்பை விட்டுப் போகுமா?

என்னிடம் ஏன் கேட்கிறார்? பத்திரிகைக்கு வருமுன் நானும் பாலாற்றங்கரையில் அந்த உத்தியோகம் பார்த்தவன் என்று எப்போதோ எழுதித் தொலைத்தேன். வாசகர்கள் இப்படி வேண்டாததை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்!

சேர்ந்த அன்று முதலாளி என்னிடம் ஒரே ஒரு கடமையைத்தான் சொன்னார்.

"அறுபது ஆளு. ஒரு மாசம் டைம். அப்புறம் நான் விரலை நீட்டுவேன், நீ பேரைச் சொல்லணும். ஒண்ணு தப்பினாலும் அடுத்த ரயில்ல ஊருக்குப் போய்டு. போன குமாஸ்தா நாற்காலியை விட்டே எழுந்திருக்கல. குனிஞ்ச தலை நிமிராம பேர் கூப்பிட்டான்."

கூடவே ஒரு சட்டம் — மூன்று நாள் வராதவன் பெயரை அடித்துவிட வேண்டும்.

ரயிலுக்குப் பயந்தவன் எப்படிப் படிப்பான்? அப்படிப் படித்தேன். ஒரு நோட்டுப் புத்தகம். காதுமடல் கிழிந்தவர் காதர். மீசையில் பாதி நரைத்தவர் ரங்கன். தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில், முன்பல் இரண்டு இல்லாதவர் முனுசாமி. இருபத்தைந்தாம் நாள் அறுபது முகங்களும் மனப்பாடம். ஒருவர்கூட ஒரு நாளும் ஆப்சென்ட் இல்லை. என்ன ஒழுங்கு என்று பூரித்துப் போனேன்.

இருபத்தெட்டாம் நாள் காலை, கேட்டில் ஒரு புது ஆள். வாய் நிறையப் பற்கள்.

"யாருப்பா நீ?"

"முனுசாமி சார். சுண்ணாம்புக் குழி."

"முனுசாமி உள்ள வேலை செய்றான். இப்பதான் பேர் கூப்பிட்டேன், கீறேன்னான்."

"அவன் என் மச்சான் தேசிங்கு சார். நான்தான் முனுசாமி."

"அதுக்கு இன்னா அத்தாட்சி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க வூட்ல வந்து கேளுங்க சார்."

ஏமாற்றுக்காரன் என்றே முடிவு கட்டினேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு வெளியே தள்ளச் சொன்னேன். எதற்கும் இருக்கட்டும் என்று குழியில் இருந்தவரையும் வரவழைத்து, "நீ யாரு?" என்றேன்.

பல் இல்லாதவர் மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு வரைக்கும் முனுசாமி சார். மச்சான் வந்துட்டா தேசிங்கு."

மேஸ்திரி ஏகாம்பரம் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னா சார், இதுக்குப் போய் பேஜார் பண்றீங்க! அறுவடை சார், மல்லாக்கொட்டை பிடுங்கற மாசம். ஆளு ஊருக்குப் போனா தம்பியோ மச்சானோ வந்து நிப்பான். இல்லேன்னா நீங்க பேரை அடிச்சிடுவீங்களே."

"எத்தனை பேர் இப்படி?"

"பதினொண்ணு இருக்கும். கொட்டை பிடுங்கி முடிஞ்சுது. நாளைக்கு மறுநாள் காலையில நிஜ ஆளுங்க வந்துருவாங்க."

அப்போதுதான் புரிந்தது. டேனரியில் ஓர் இடம் என்பது ஆளுக்குச் சொந்தமல்ல, வீட்டுக்குச் சொந்தம். நான் படித்தது வீட்டுப் பெயர்களை!

முதலாளியிடம் சொன்னால் பதினொரு பெயர்களை அடிக்க வேண்டும். சொல்லாவிட்டால், இரண்டே நாளில் பதினொரு புது முகங்கள் — நடுவில் என் உத்தியோகம். வாட்ச்மேனிடம் முனுசாமியை உள்ளே விடச் சொன்னேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம்... அவரை மறுபடி வெளியே தள்ள வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

பரீட்சை நாள். மீதிப் பத்துப் பேரும் அன்று காலைதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். முதலாளி விரலை நீட்டினார். முதல் ஆள் பழைய முகம், தப்பித்தேன். அடுத்த ஆளைப் பார்த்ததே இல்லை.

"ரங்கன்" என்றேன், கண்ணை மூடிக்கொண்டு.

"ஆமா முதலாளி, ரங்கன்தான்!" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். சற்றுத் தள்ளி வேறொருவர் சட்டென்று தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். நிஜ ரங்கனாக இருக்க வேண்டும்.

விரல் நகர்ந்தது. தெரிந்த முகங்களுக்கு அவரவர் பெயரையும், புது முகங்களுக்கு வாய்க்கு வந்த பெயரையும் சொன்னேன். ஒவ்வொருவரும் "கீறேன் முதலாளி" என்றார்கள். கடைசியில் ஒருவர். என் கைவசம் ஒரே ஒரு பெயர்தான் பாக்கி.

"காதர்."

சொன்ன பிறகுதான் அவர் நெற்றியைப் பார்த்தேன். மூன்று பட்டை விபூதி.

டேனரியே வேலையை நிறுத்திவிட்டது.

"இன்னாடா காதர், நெத்தியில இன்னா?" என்றார் முதலாளி.

அவர் புறங்கையால் அழுத்தித் துடைத்தார்.

"சுண்ணாம்பு தெறிச்சிடுச்சு முதலாளி."

முதலாளி திரும்பி ஆபீஸுக்குப் போனார். மேஸ்திரி என் காதில் சொன்னார்: "புது ஆளுங்கள்ல முனுசாமி ஒருத்தன்தான் சார் சரி, மீதி பத்தும் தப்பு. முனுசாமி காலையிலயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டான் — சார் வாயில இன்னா பேர் வருதோ, இன்னிக்கு அதுதான் நம்ம பேருன்னு."

ஆபீஸில் என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் மேஜைமேல் இருந்தது. கையெழுத்துப் போட்டபடியே முதலாளி சொன்னார்.

"காதர் எங்க தெருக்காரன். காலையில அவன்கூடத்தான் தொழுதுட்டு வந்தேன்."

எனக்கு ரயில் விசில் கேட்டது.

"போன குமாஸ்தா கேட்டா இவனுங்க சொந்தப் பேரையே சொல்ல மாட்டானுங்க. உனக்காக அடுத்தவன் பேரையும் சொல்றானுங்க. போய் வேலையைப் பாரு."

ஆகவே திமிரி ஐயா அவர்களே, முதல் ஆறு கேள்விகளுக்கும் உங்கள் மகனுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். நாற்காலியை விட்டு எழுந்திருந்தால் போதும்.

ஏழாவதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்: நாற்றம் போகாது, மூன்றாம் நாளிலிருந்து அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.