பச்சை டேப்

இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தவனுக்குக் கதை கட்டவும் வராது.

பர்பேங்க் டிவி ஸ்டூடியோவில் தரையில் டேப் ஒட்டுவது என் வேலை. நடிகர் நிற்க வேண்டிய இடத்தில், ஆளுக்கு ஒரு நிறம். கால்விரல் அதில் பட்டால்தான் முகத்தில் வெளிச்சம் விழும். லொரெய்ன் ஹேக்கட்டுக்குப் பச்சை. ஒரு குடும்பத் தொடரில் ஏழு வருஷம் அம்மாவாக நடித்தார். அப்பாவாக நடித்தவர் வாங்கிய சம்பளத்தைத் தானும் கேட்டார். அவரைத் தொடரிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

தொடரில் அம்மா சாகவில்லை. அதே சமையலறை, அதே பெயர். உடுப்புக்குள் மட்டும் கோலீன் என்ற வேறு பெண். பிள்ளைகளாக நடித்தவர்கள் எதுவுமே நடக்காததுபோல் "அம்மா" என்றார்கள். எங்கள் தொழிலில் அது வழக்கம். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

கோலீனுக்கு மஞ்சள் ஒட்டினேன். பச்சைச் சுருளைக் குப்பையில் போட்டேன்.

கோலீனின் முதல் நாள், காலை 10:40. அடுப்புக்குப் பக்கத்தில் பச்சை டேப்.

"ஏய் ரூஃபீனோ! இது யாருக்குடா? போன வாரத்து அம்மாவுக்கா?" டைரக்டர் ஹால் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

உரித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

10:55. மறுபடி பச்சை. இந்த முறை கேமராவுக்கு நெருக்கத்தில். கோலீன் மஞ்சளைத் தாண்டி நேராக அதில் போய் நின்றாள். அவள் முகம் இருட்டில் போய்விட்டது.

"ஏம்மா அங்க போற?"

"யாரோ தள்ளினாங்க ஹால்... முதுகுல கை வச்சு."

"ரூஃபீனோ, இன்னொரு தடவ பார்த்தேன், வீட்டுக்குப் போயிடு."

வீட்டில் மூன்று பிள்ளைகள். இந்த வேலையை விட்டால் வேறில்லை. மண்டியிட்டுச் சுரண்டினேன். நகம் பிய்ந்தது. யார் இப்படி விளையாடுகிறார்கள்? ஆத்திரத்தில் அழுகை முட்டியது.

"கேமராலேருந்து தூரம் பார்க்கணும், பிடி" என்று கேமராக்காரர் டெல்பர்ட் அளவு டேப்பின் முனையைத் தந்தார். நடிகர்களே அதை வாங்கிக் கண்ணோரம் வைத்துக்கொள்வது வழக்கம். கோலீன் மேக்கப்புக்குப் போயிருந்தாள். நான் மஞ்சளை நோக்கி நடந்தேன்.

என் விரலிலிருந்து முனையை யாரோ வாங்கினார்கள்.

மெதுவாக... பழக்கப்பட்ட கைபோல...

"டெல்பர்ட்..."

"நல்லாத்தானய்யா பிடிச்சிருக்க. ஆடாம நில்லு."

என் இரண்டு கையும் வெறுமையாக இருந்தன.

அளவு டேப் விறைப்பாக நின்றது. கண் உயரத்தில்.

ஸ்ஸ்ஸ்... ஒரு பெருமூச்சு.

கீழே பார்த்தேன்.

பச்சை.

ஹாலும் பார்த்துவிட்டார். "கெளம்பு."

வாசலில் காவலாளி ஓஸ்வால்ட் கண் சிவந்து நின்றார்.

"உன்னையும் தொரத்திட்டாங்களா?"

"ம்."

"மிஸ் ஹேக்கட் காலைல ஆறு மணிக்கே வந்தாங்கப்பா. முழு மேக்கப்போட. உள்ள விடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. கார்லயே உக்காந்திருந்தாங்க. ஏழரைக்குப் போய்க் கண்ணாடியத் தட்டினேன்... உசுரு இல்ல."

ஏழரை. நான் முதல் பச்சையைப் பார்த்தது 10:40-க்கு.

"கடைசியா... ஏதாவது சொன்னாங்களா?"

"கோவமே படல. சிரிச்சாங்க. 'நீ விடாட்டி என்ன ஓஸி... ரூஃபீனோ என் எடத்தப் போட்டு வச்சிருப்பான்'னாங்க."