பூசைக்கு வைத்த மண்வெட்டி

என் மகள் வயிற்றுப் பேரன் அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்திருக்கிறான். வீட்டைச் சுற்றிக் கிடக்கும் மண் கொஞ்சம்தான். ரெண்டு எருமையைக் கட்டினால் மூன்றாவது எருமை ரோட்டில்தான் நிற்க வேண்டும். அந்த மண்ணுக்குப் புல் வெட்டும் மிஷின், தண்ணீர் பீய்ச்சும் பைப்பு, கிளை நறுக்க நீளக் கத்தரி, கைக்கு உறை என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. எனக்கு எழுத்து தெரியாது. பெட்டி மேலே இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் எது எதற்கு என்று கண்டுகொள்கிறேன்.

"ஆயா, இன்னும் என்னென்ன வாங்கணும், சொல்லு" என்றான்.

"மொதல்ல புல்லு வாங்குடா" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அத்தனை சாமானையும் ஒன்றாகப் பார்த்தபோது உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு அலுத்துப் போனது. எங்கள் அப்பா முதன்முதலில் சொந்த வீடு போட்டபோது எங்களிடம் ஒரு துண்டு இரும்பு கிடையாது.

கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள். ஏன் பாகம் பிரிந்தார்கள் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அம்மாவைக் கேட்டால் ஒரு பசுமாட்டைச் சொல்வாள். பெரியம்மாவைக் கேட்டால் அம்மா பேசிய ஒரு பேச்சைச் சொல்வாள். அந்தப் பசு எனக்கு நினைவிருக்கிறது; நெற்றியில் வெள்ளை, யாரையும் முட்டாது. அதைப் போய் இதில் இழுக்கிறார்களே என்று இருக்கும். எதுவோ, பிரிந்தாயிற்று. ஊர்க்கோடியில் கல்லும் வேலிக்காத்தான் முள்ளுமாகக் கிடந்த நிலம் அப்பாவுக்கு வந்தது. அதில் கூரை போட்டுப் பால் காய்ச்சினோம். பெரியம்மா வந்தாள், அவள் பிள்ளைகள் வந்தார்கள். பெரியப்பா வரவில்லை. பொழுது சாயும்வரை அப்பா வழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவும் இல்லை.

மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து எல்லாம் மூத்தவர் வீட்டிலேயே நின்றுவிட்டன. வாசலைச் சமன் பண்ணாமல் வீட்டுக்குள் நடக்க முடியாது; அவ்வளவு கல். அதனால் தினமும் நான்தான் பெரியப்பா வீட்டுக்குப் போய் மண்வெட்டி வாங்கிவருவேன், இருட்டுவதற்குள் கொண்டுபோய் விடுவேன். இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று பெரியம்மா அதைத் தரையில் வைப்பாள், நான் எடுத்துக்கொள்வேன். இருக்கிற சண்டை போதாதா, இன்னும் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றும். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி, "வாசல்ல இன்னும் கல்லு இருக்குதா?" என்பார். "இருக்குதுங்க பெரியப்பா" என்பேன். "ம்" என்பார். அதோடு சரி.

அப்பா காட்டு வேலை முடித்து வந்து கல்லைப் பெயர்ப்பார், அம்மா கூடையில் அள்ளிப் போய்க் கொட்டுவாள். ஒருவருக்கொருவர் பேசக்கூடத் தெம்பு இருக்காது. களியைக் கையில் வைத்தபடியே அப்பா தூங்கிப்போவார். கல் பெயர்க்கிற அலுப்பைவிட, கேட்டுக் கேட்டு வாங்குகிற அலுப்புதான் அவரைத் தின்றது.

ஆயுத பூசைக்கு முந்தின நாள், நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "இன்னிக்கு வேணாம், இருக்கட்டும்" என்றாள் அம்மா. மறுநாள் பார்த்தால் மண்வெட்டியைத் தேய்த்துக் கழுவி, திருநீறு பட்டை போட்டு, குங்குமம் வைத்துச் சுவரோரம் சாத்தியிருந்தாள். புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

அப்பா வந்து பார்த்ததும் திகைத்துப்போனார். "இன்னாடி இது? அண்ணன் வூட்டு மண்வெட்டியாச்சே."

"பொட்டு வெச்சாச்சு. பூசைக்கு வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்."

"அவங்க வூட்டுல பூச போட வேணாமா?"

"வேணும்னா வந்து கேக்கட்டும்."

சண்டை போடக்கூட அப்பாவுக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பெரியப்பா மகள் வந்தாள். "சித்தி, மண்வெட்டி குடுப்பீங்களாம்."

"பொட்டு வெச்சத நான் எப்படிக் கண்ணு எடுக்கறது? ஒங்கப்பாவயே வந்து பாத்துக்கச் சொல்லு."

அக்கா போய்விட்டாள். சும்மா இருந்த மனுசனை அம்மா ஏன் சீண்டுகிறாள்? அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

பெரியப்பா வந்தார். ஒரு கையில் கொடுவாள், இன்னொரு கையில் கடப்பாரை. நான் ஓடிப்போய் அம்மாவின் முந்தானைக்குள் நுழைந்துகொண்டேன். அவர் யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே வந்து, கையில் இருந்ததை மண்வெட்டிக்குப் பக்கத்தில் சாத்தினார்.

"ஒண்ணு இங்கயும் ஒண்ணு அங்கயுமா வெச்சு எவனாச்சும் பூச பண்ணுவானா?" என்றார் சுவரைப் பார்த்து.

அம்மா அவர் எதிரில் நின்று பேசமாட்டாள். கதவுக்குப் பின்னால் இருந்து, "பெரியப்பாவ உக்காரச் சொல்லு" என்று என்னிடம் சொன்னாள். "நாங்க மூத்தவங்க, நின்னுக்கிட்டேதான் தேங்கா ஒடைப்போம்னு சொல்லு" என்று அவரும் என்னிடமே சொன்னார். ரெண்டு அடி தூரத்தில் இருந்தவர்களுக்கு நான் தூது போனேன். பெரியப்பா தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டினார். அப்பா குனிந்து திருநீறு பூசிக்கொண்டார். நிமிரவே இல்லை.

பொரியும் கடலையும் கொடுத்தார்கள். பெரியப்பா வாசலில் போய் நின்று பெயர்த்துப் போட்ட கல் குவியலைப் பார்த்தார். "இத்தினி கல்லயும் நீ ஒண்டியாவா பேத்த?" என்றார். அப்பா காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்துக் குவியலில் போட்டார்.

எல்லோரும் சும்மா இருக்கிறார்களே, நாமாவது ஏதாவது பேசலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"பெரியப்பா, ஒங்க வூட்டு மாட்டுக் கொட்டாயில இன்னும் ரெண்டு மண்வெட்டி இருக்குதே, நான் பாத்தனே. அத வெச்சுப் பூச போட்டிருக்கலாமில்ல?"

பெரியப்பா மென்றுகொண்டிருந்த பொரி அவர் வாயிலேயே நின்றது. அப்பா அண்ணனைப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் கை மட்டும் வெளியே வந்து, என் தோளை இழுத்து, ஒரு பிடி பொரியை என் வாயில் திணித்தது.

எனக்கு ரோஷமாக இருந்தது. உள்ளதைத்தானே சொன்னேன். தன் வீட்டுக் கொட்டாயில் இருக்கிற மண்வெட்டியே தெரியாத அளவுக்குப் பெரியப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, பாவம், யாரும் அவரிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே, அவ்வளவு பொரியையும் மென்று விழுங்கினேன்.