ஜரீனாவுக்குக் காது பார்க்கப் போன நாற்பது மைல்

லாத்தாவின் பேத்தி போன வாரம் என்னைப் பார்க்க வந்தாள். லாத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. பேத்தியின் நாலு வயது மகனுக்கு ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்களாம். வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் பஸ்ஸில் கூட்டிப் போக வேண்டும், பஸ்ஸில் இவனை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டாள். எனக்கு வயது எண்பத்தாறு. எனக்குத் தெரிந்தது 1962-இல் போன ஒரு பயணம்தான். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளையோடு கிளம்புகிற யாருக்காவது உதவட்டும்.

என் மகள் ஜரீனாவுக்கு அப்போது ஆறு வயது. பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். புளியங்கொட்டையை வாசலிலிருந்து அடுப்படி வரை வரிசையாக வைப்பாள், ஒன்று நகர்ந்தாலும் வீடு ரெண்டுபடும். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்று நாலு பேர் சொன்னார்கள். நாற்பது நாள், விடிந்ததும் கன்னத்தை அழுத்திப் பிடித்து என் கையாலேயே தடவினேன். எரிச்சலில் துடிப்பாள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று இன்னொரு பெயர் உண்டு, எந்த மகராசன் வைத்தானோ! பேச்சு வரவில்லை. அதற்குப் பிறகு யார் கை பக்கத்தில் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தட்டை வைத்துவிட்டு நாம் நகர்ந்தால்தான் சாப்பிடுவாள்.

பினாங்கில் இருந்த என் வீட்டுக்காரர் கடிதம் எழுதினார். வெளியூரில் செவிட்டு ஊமைப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, விடுதியும் உண்டு, புதுக்கோட்டை டாக்டரிடம் காது கேட்காது என்று எழுதி வாங்கிச் சேர்த்துவிடு என்று. சேர்த்தால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு விடுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை கிளம்பினோம், நானும் லாத்தாவும் ஜரீனாவும். அப்போது எங்கள் மணமேல்குடி தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. காலை ஐந்தே முக்காலுக்கு முதல் பஸ். அறந்தாங்கியில் மாற வேண்டும். புதுக்கோட்டைக்கு மொத்தம் நாற்பது மைல், ஆளுக்கு ஒரு ரூபாய் இருபது நயா பைசா, பிள்ளைக்கு அரை டிக்கெட். ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். பஸ் சத்தம் எங்கள் காதில் விழுவதற்கு முன்பே ஜரீனா எழுந்து போய் ரோட்டைப் பார்த்து நின்றாள். நான் லாத்தாவைப் பார்த்தேன். லாத்தா தலையை மூடியிருந்த துப்பட்டியைச் சரிசெய்துகொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிற மாதிரி விரலை நகர்த்திக்கொண்டே வந்தாள். ஒரு சத்தம் இல்லை. வீட்டில் அத்தனை அமைதியாக நான் அவளைப் பார்த்ததே கிடையாது. கண்டக்டர், பிள்ளை தங்கம் மாதிரி இருக்கே என்றார்.

டாக்டர் பத்தரைக்குக் கூப்பிட்டார். அவள் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தார், கை தட்டினார், பித்தளைத் தட்டைத் தட்டினார். அவள் மேலே சுற்றுகிற மின்விசிறியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாயைத் திறந்து பார்க்கக் கை நீட்டியதும் கத்தித் தரையில் உருண்டாள். சரி விடுங்கள் என்று காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். அந்த நேரம் தெருவில் ஒரு பஸ் போனது. ஜரீனா எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறக்கப் போனதும் லாத்தா என் தொடையைக் கிள்ளினாள். "சும்மா இருடி. ஒனக்கும் ஒரு விடிவு வேணும்ல?" என்றாள் காதோரம். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆறு வருஷமாக நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

"டாக்டரய்யா, இவளுக்குக் காது கேக்குதுங்க" என்றேன்.

பேனா நின்றது. பஸ் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜன்னலோரம் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார். "கேக்குதுன்னு எழுதுனா அந்தப் பள்ளிக்கூடத்துல எடுக்க மாட்டாங்கம்மா. இந்த மாதிரிப் பிள்ளைக்குன்னு இந்தப் பக்கம் வேற எடமும் கெடையாது. யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிச்சுதாங்க சொல்றேன்."

காகிதத்தைக் கிழித்துப்போட்டார். லாத்தா ஊர் வரும்வரை என்னோடு பேசவில்லை. வீட்டுக்காரர் ஐந்து மாதம் கடிதம் போடவில்லை.

ஜரீனாவுக்குப் பஸ்ஸில்தான் அமைதி வருகிறது என்று கண்டுகொண்டேன். அதனால் திங்கட்கிழமைதோறும் அதே பஸ், அதே ஜன்னல், அறந்தாங்கி வரை போய்த் திரும்பினோம். போகும்போது ரொட்டித் துண்டை உள்ளங்கையில் வைத்து, கையை மடியிலேயே விரித்து வைத்திருப்பேன். ஊட்ட மாட்டேன், கூப்பிடவும் மாட்டேன். எட்டு வாரம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது அதை நானே தின்பேன்.

நீங்கள் கிளம்பும்போது முதல் பஸ்ஸில் ஏறுங்கள், கூட்டம் இருக்காது. எப்போதும் ஒரே பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் அறிவுரை சொன்னால் தலையை மட்டும் ஆட்டுங்கள். இப்போது சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள். பலன் எப்போது தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள். ஜரீனா கடைசிவரை பேசவில்லை. அறுபத்தெட்டு வயதில் இதோ பக்கத்து அறையில் புளியங்கொட்டை அடுக்குகிறாள்.

ஆனால் ஒன்பதாவது திங்கட்கிழமை, நாகுடி தாண்டியதும், அவள் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். என் உள்ளங்கையில் இருந்த ரொட்டியை இரண்டு விரலால் எடுத்து, பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மீதிப் பாதியைத் திரும்ப என் கையில் வைத்தாள், வசம்பு தடவிய அதே கையில்.