சண்டிக்கட்டு கட்ட முடியாத உடுப்பு

ஊர்காவற்றுறைப் பாதையில் நான் எட்டு மாதம் வேலை செய்தேன். அந்த வயதில் எனக்கு அது நீண்ட காலம். அதில் முதல் இரண்டு மாதமும் என் இடுப்பில் இருந்தது கட்டம் போட்ட ஒரு கம்பளிப் பாவாடை.

பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள கடலைக் கடக்கிற தட்டையான மிதவையை. மோட்டார்ப் படகொன்றைப் பக்கத்தில் கட்டி இழுப்பார்கள். ஆட்கள், சைக்கிள்கள், ஆடுகள், சில நாட்களில் ஒரு வான் வண்டி, எல்லாம் அதிலேதான் போகும். கரை வந்ததும் நாங்கள் தண்ணீரில் குதித்து மிதவையை இறங்குதுறையோடு சேர்த்துப் பிடித்து, பலகை போட்டு, கடைசி ஆள் இறங்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். எழுத்து வாசிப்புத் தேவையில்லாத வேலை. ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு அது பொருந்தியது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதக் கலவரத்தில், தெற்கே நான் வேலைக்கு நின்ற பலசரக்குக் கடையை எரித்தார்கள். அதற்கு முன் இரண்டு கடைகளை விட்டு நானாகவே ஓடியிருந்தேன். மூன்றாவது கடைதான் என்னை விட்டுப் போனது. கப்பலில் கொண்டுவந்து காங்கேசன்துறையில் இறக்கியபோது உடம்பில் ஒரு சேட்டும் ஒரு களிசானும் இருந்தன. அடையாள அட்டை கடையோடு எரிந்துவிட்டது. நாரந்தனையில் என் தாயின் தங்கை தனியாக இருந்தார். குஞ்சியம்மா என்று கூப்பிடுவேன். என்னைக் கண்டதும் அவர் அழவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். அன்று எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கேள்விதான்.

களிசான் பின்பக்கம் கிழிந்து நூலாகிவிட்டதால் குஞ்சியம்மா அதை வெட்டிச் சட்டி பிடிக்கிற துணியாக்கினார். அந்த நாட்களில் தேவாலயமொன்றில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய உடுப்புப் பொதிகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். வரிசையில் நான் கடைசி. என் முறை வந்தபோது பொதியில் மிஞ்சியிருந்தவை ஒற்றைக் கையுறையும் இந்தப் பாவாடையும்தான். தந்தவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் பெரியதை எடுத்துக்கொண்டேன்.

கரும்பச்சையும் நீலமுமான கட்டங்கள், நடுவே மெல்லிய மஞ்சள் கோடு. ஒரு பக்கம் முழுக்க மடிப்பு. இடுப்பில் தோல் வாரும் இரும்பு வளையமும் வைத்திருந்தார்கள். குஞ்சியம்மா அதைக் கையில் தூக்கிப் பாரம் பார்த்துவிட்டு, இதைக் கட்டிக்கொண்டு நடந்த பெட்டை பாவம் என்றார். நான் பாயின் மேல் விரித்துப் படுத்தேன்.

ஆண்கள் உடுக்கிற உடுப்பு அது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பல வருடங்களுக்குப் பிறகு, குளிர்நாடொன்றின் ரயில் நிலையத்தில் அதே உடுப்போடு கலியாணத்துக்குப் போக நின்ற ஒருவரைக் கண்டுதான் தெரிந்துகொண்டேன். அந்த உடுப்பின் பெயர் கில்ட் என்று சொன்னார். மடிப்பு பின்னால் வர வேண்டுமாம். நான் இரண்டு மாதமும் மடிப்பை முன்னால் விட்டுக் கட்டியிருந்தேன்.

பாதையில் வேலை செய்த ஒருவர் ஜேர்மனிக்குப் போக, ஓர் இடம் காலியானது. பாதைக்குப் பொறுப்பானவரைத் தண்டயல் என்போம். அவர் என்னை ஒரு கிழமை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். சரிவந்தால் நிற்கலாம், வராவிட்டால் அடுத்த ஆள் இறங்குதுறை மதிலிலேயே குந்தியிருந்தார், நான் தினமும் அவரைக் கடந்துதான் வேலைக்குப் போவேன். பெண்கள் ஏறுகிற பாதையில் கச்சையோடு நிற்கக்கூடாது, விடியற்கால முதல் ஓட்டத்துக்குப் பிந்தக்கூடாது. தண்டயல் சொன்னது இவ்வளவுதான். குஞ்சியம்மா தன் பெட்டியிலிருந்து ஒரு புதுச் சாரம், மற்ற ஊர்களில் லுங்கி என்பது, எடுத்துத் தந்தார். அதை யாருக்காக வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

தண்ணீர் வேலைக்குச் சாரத்தை அப்படியே விட்டுக்கொண்டு நிற்க முடியாது. கீழ்ப்பகுதியை மடித்து முழங்காலுக்கு மேலே தூக்கி இடுப்பில் இறுக்குவோம். அதுதான் சண்டிக்கட்டு. ஆனால் மதிப்பான ஒருவர் எதிரே வந்தால் சண்டிக்கட்டை இறக்கிவிட வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கை தானாகப் போகும்.

மூன்றாம் நாள் நான் ஒரு பிழை விட்டேன். கடல் தண்ணீரில் ஊறிய சாரத்தைக் கிணற்றுத் தண்ணீரில் அலசாமல் வேலியில் போட்டுவிட்டுப் படுத்தேன். உப்புத் துணியை மாடு விடாது என்று தீவில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். நான் வளர்ந்தது கடைத்தெருவில். விடிய எழும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பசு கண்ணை மூடி மென்றுகொண்டு நிற்கிறது. வாய்க்கு வெளியே ஒரு முழம் சாரம் தொங்கியது. அதையும் இழுத்தெடுத்துப் பார்த்தேன், ஒன்றுக்கும் உதவாது.

காய்ச்சல் என்று ஆள் அனுப்புவோமா என்று குஞ்சியம்மா கேட்டார். மதிலில் இருக்கிற ஆளைப் பற்றிச் சொன்னேன்.  அவர் பாயின் மேல் கிடந்த பாவாடையை எடுத்து உதறினார்.

“உதைக் கட்டு.”

“சனம் சிரிக்கும், குஞ்சியம்மா.”

“கோயிலுக்கே போறாய்? வேலைக்குத்தானே.”

வாரை அவரே இழுத்துப் பூட்டிவிட்டார்.

சைக்கிளில் போகும் வழியெல்லாம் நாய்கள்தான் முதலில் கண்டுபிடித்தன. துறையில் என்னோடு வேலை செய்கிற இருவரும் நின்றார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

“பொம்பிளை வந்திட்டுது. மாப்பிள்ளை எங்கை?”

தண்டயல் சிரிக்கவில்லை. சுற்றி வந்து பார்த்தார். முழங்கால் மறைகிறதா என்று கேட்டார். மறைகிறது என்றேன். அப்படியென்றால் கயிற்றைப் பிடியும் என்றார்.

காரைநகர்ப் பக்கம் கடற்படைக்காரர் நிற்பார்கள். அட்டை இல்லாத நான் மூன்று நாளும் அந்தக் கரையில் தலை நிமிராமல் வேலை செய்திருந்தேன். அன்று காவலில் நின்றவன் என்னை ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னான். தோழனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அட்டையைக் கேட்க மறந்துவிட்டார்கள். அந்தப் பாவாடைக்கு நான் சொல்ல வேண்டிய முதல் நன்றி இது.

வேலைக்கும் அது மோசமில்லை. நனைந்தால் கல்லுப்போலக் கனக்கும், உள்தொடையை உரசிப் புண்ணாக்கும். ஆனால் எந்தக் காற்றுக்கும் எழும்பாது. தூக்கிக் கட்டவும் தேவையில்லை, அவிழ்ந்து விழும் என்ற பயமுமில்லை. இரண்டு கையும் கயிற்றுக்கே.

காலை பத்து மணி ஓட்டத்துக்குச் சால்வைக்காரர் வந்தார். காணி பூமி உள்ளவர். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த சால்வை. பாதையில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் அவரை அப்படித்தான் சொல்வார்கள். அவர் பலகையில் கால் வைத்ததும் மற்ற இருவரும் ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்துச் சாரத்தை இறக்கிவிட்டார்கள். நான் தண்ணீரில் நின்றபடி இரண்டு கையாலும் மிதவையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் நின்றார். நான் ஏதாவது செய்வேன் என்று காத்திருந்தார். எனக்கு இறக்கிவிட ஒன்றுமில்லை.

ஆருடைய பெடியன் என்று தண்டயலிடம் கேட்டார். இன்ன இடத்துப் பிள்ளை, தெற்கே இருந்து வந்தவன் என்று தண்டயல் சொன்னார். சால்வைக்காரர் குரலை உயர்த்தவில்லை. மரியாதை தெரியாத ஆளைப் பாதையில் வைத்திருப்பது சரியில்லை, கோமாளிக் கூத்துப் பார்க்கத் தான் காசு கொடுத்து ஏறவில்லை என்றார். பின்னேரம் திரும்பி வரும்போது இவனைக் காணக்கூடாது என்றும் சொன்னார்.

அவர் இறங்கிப் போனபின் தண்டயல் என் பக்கம் வந்து, முகத்தைப் பார்க்காமல், பின்னேர ஓட்டம் முடிய வீட்டுக்குப் போம் என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பாதையின் குத்தகையைப் புதுப்பிக்க நாலு பெரியவர்களின் சொல் அவருக்கு வேண்டும். மதிலில் இருந்த ஆள் அன்று மத்தியானமே எழும்பி நின்று கைகால் உதறத் தொடங்கிவிட்டார்.

பின்னேர ஓட்டத்தில் சனம் நிறைய. காரைநகர்ப் பக்கத்திலிருந்து சால்வைக்காரர் ஏறினார். என்னை இன்னும் அங்கே கண்டு தண்டயலைப் பார்த்தார். இதுதான் கடைசி ஓட்டம் ஐயா, இதோடு நிற்பாட்டுகிறேன் என்று தண்டயல் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

மிதவையின் தட்டில் வெறும் கூடையோடு ஒரு மீன்காரி இருந்தார். தினமும் காலையில் கூடை நிறையக் கொண்டுபோய் விற்றுவிட்டு வருகிறவர். நாற்பது வயதிருக்கும். அவருக்கும் எனக்கும் அதுவரை பேச்சே இல்லை.

“ஏன் தண்டயலண்ணை, இந்தத் தம்பி என்ன செய்தவன்?”

தண்டயல் தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரியவர் ஏற, இவன் இறக்கிவிடவில்லை.

“ஓ, அதுவே.” அவர் கூடையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். “பெரிய ஆள் வந்தால் உங்கடை ஆக்கள் சாரத்தை இறக்கிவிடுவினம். ஆள் போகப் பேந்தும் தூக்கிக் கட்டுவினம். நாங்கள் பொம்பிளையள் தட்டிலை கீழை குந்தியிருந்து நாள் முழுக்க வாறம், போறம். எங்கடை கண் எங்கை நிக்குமெண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை. நான் கடலைப் பாத்துப் பாத்தே கழுத்துப் பிடிச்சுப்போய்க் கிடக்கிறன்.”

எங்கோ ஒரு பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினாள். மீன்காரி சால்வைக்காரர் பக்கம் திரும்பினார்.

“ஐயா குறை நினையாதையுங்கோ. உங்களுக்கு இறக்கிவிட அவனுக்கு ஏலாதுதான். ஏனெண்டால் அவன் காலமையிலை இருந்து எங்கள் எல்லாருக்கும் இறக்கிவிட்டபடிதான் நிக்கிறான்.”

பள்ளிக்கூடம் முடிந்து வந்த பெண்பிள்ளைகள் புத்தகங்களால் முகத்தை மூடிக்கொண்டார்கள். கூட வேலை செய்த இருவரும் சத்தமில்லாமல் சண்டிக்கட்டை இறக்கிவிட்டது எனக்குத் தெரிந்தது.  நான் தண்டயலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சால்வைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சால்வைக்காரர் கடலைப் பார்த்தபடி வந்தார். ஊர்காவற்றுறைத் துறை வந்தது. நான் குதித்துப் பிடித்தேன். அவர் பலகையில் இறங்கி, என்னைக் கடந்து இரண்டடி போய், திரும்பாமலே தண்டயலிடம் சொன்னார்:

“அந்தச் சீலையை ஒரு சாண் நீட்டித் தைக்கச் சொல்லு.”

அவ்வளவுதான். தண்டயல் பெருமூச்சு விட்டார். நாளைக்கும் வாரும் என்றார். மதிலில் இருந்த ஆள் திரும்பவும் குந்தினார். அவரும் பாவம்தான், பிறகு காரைநகரில் கடையொன்றில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன்.

சாண் நீட்டித் தைக்க அந்தத் துணிக்கு எங்கே போவது? குஞ்சியம்மா கீழ்க்கரையில் கறுப்புச் சீத்தைத் துணி வைத்துத் தைத்துவிட்டார். முதற்சம்பளத்தில் சாரம் வாங்கினேன். ஆனாலும் பாதையில் பாவாடையைத்தான் கட்டினேன். உப்பு மடிப்புகளைத் தின்று அது தானாகப் பிரியும்வரை கட்டினேன். எட்டாம் மாதம் வேறு ஊர் போகக் கால் அரிக்கத் தொடங்கியது. ஒருவரிடமும் ஒழுங்காகச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். தொண்ணூறில் தீவுச் சனம் இடம்பெயர்ந்ததை வேறொரு ஊரில் இருந்துதான் கேள்விப்பட்டேன். அந்த மீன்கார அக்கா எந்தப் பக்கம் போனார் என்று பலரிடம் விசாரித்தேன். தெரியவில்லை.

அவரிடம் நான் நன்றி என்று ஒரு சொல் சொன்னதில்லை. அடுத்தநாள் விடியற்காலை சொல்லலாம் என்றுதான் நின்றேன். அவர் முதல் ஓட்டத்துக்கு வந்தார். தன் மீன்கூடையை யாரும் தொட விடாத மனுசி. அன்று பலகையில் கால் வைக்கமுன் என்னிடம் நீட்டினார்.

“பிடி தம்பி, கை உளையுது.”

வாங்கி இடுப்போடு அணைத்துக்கொண்டேன். கூடையிலிருந்து வடிந்த தண்ணீர் மடிப்புகளுக்குள் இறங்கியது. அந்த மீன்மணம் எத்தனை முறை அலசியும் கம்பளியை விட்டுப் போகவில்லை. நானும் பிறகு கவனமாக அலசவில்லை.