மச்சான் ரூட்டர் வாங்கப் போன கதை

என் லாத்தா, அதாவது அக்கா, ஹஃப்ஸாவின் வீட்டுக்காரர் உபைதுல்லாவை நாகூரில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிடுவார். மீன்காரி பொன்னுத்தாய் வஞ்சிரத்தைத் தராசில் வைப்பதற்கு முன்பே தூக்கிப் பார்த்து, "ஒண்ணு எழுநூறு" என்பார். தராசும் அதையேதான் சொல்லும். பொன்னுத்தாய்க்கு அவரைக் கண்டாலே ஆகாது.

இந்த வித்தை சும்மா வந்துவிடவில்லை. மச்சான் ஷார்ஜாவில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் இருபத்துமூன்று வருஷம் டெலிவரி வேன் ஓட்டியவர். லீவுக்கு வரும்போது விமானத்தில் முப்பது கிலோதான் விடுவான். அந்த முப்பதுக்குள் லாத்தா, மூன்று பிள்ளைகள், மாமியார், நான், என் செருப்புக் கடையில் வேலை பார்ப்பவர் உட்பட அத்தனை பேரும் அடங்க வேண்டும். அதனால் கடையில் எதைப் பார்த்தாலும் அழகா, நாள்பட உழைக்குமா என்று பார்க்கமாட்டார். தூக்கிப் பார்ப்பார். லாத்தா பத்து வருஷமாகக் கனமான பீங்கான் தட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து வருஷமும் பிளாஸ்டிக் தட்டுதான் வந்தது.

போன ரமலானுக்கு வந்தவர், "இந்தத் தடவை கேன்சல் பண்ணிட்டு வந்துட்டேன்" என்றார். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்தாச்சு என்று அர்த்தம். நாங்கள் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. இதே வசனத்தை ஏற்கெனவே இரண்டு முறை கேட்டாயிற்று. ஒருமுறை ஐந்து மாதம் தங்கினார், மறுமுறை ஏழு மாதம். லாத்தா "சரிங்க" என்று சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போடப் போனாள்.

ஆனால் இந்த முறை மனிதருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. வீட்டுக்குப் பக்கத்தில் கார் ஷெட் ஒன்று கட்டிப்போட்டிருந்தார். கார் மட்டும் வாங்கவேயில்லை. அதில் ஒரு பெஞ்சைப் போட்டு மரவேலை தொடங்கினார். மற்றவர்கள் செய்த கட்டிலையும் பீரோவையும் வீடு வீடாக இறக்கியே ஆயுசு போய்விட்டதாம், இனி சொந்தமாக ஒன்று செய்து பார்க்க வேண்டுமாம். முதலில் வந்தது ஒரு முக்காலி. மூன்று காலும் மூன்று உயரம். அதில் நானே உட்கார்ந்து நானே விழுந்தேன், அதனால் உறுதியாகச் சொல்லலாம். அடுத்தது ஒரு செருப்பு ஸ்டாண்டு. உண்மையாகவே நன்றாக இருந்தது. என் கடையில் வைத்தேன், இரண்டு பேர் விலை கேட்டார்கள். அன்றைக்கு மச்சான் தெருவில் நடந்த நடையே வேறு.

பிறகுதான் ரூட்டர் வந்து புகுந்தது. இணையத்துக்கு வைக்கிற பெட்டி அல்ல. மரத்தின் ஓரத்தை உருட்டி எடுக்கவும், பலகையில் நேராகப் பள்ளம் வெட்டவும் கையில் பிடித்து ஓட்டுகிற மோட்டார். அது இல்லாதவன் தச்சனே இல்லை என்று யாரோ வீடியோவில் சொல்லிவிட்டான். நாற்பது நாள் வீட்டில் வேறு பேச்சில்லை. சின்னதா, பெரியதா? சின்னது என்றால் ஒரு கையில் அடங்கும், ஓரம் உருட்டத் தோது. பெரியது என்றால் இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கும், அழுத்தினால் மரத்துக்குள் ஆழமாக இறங்கும். இந்தி வீடியோ, மலையாள வீடியோ, மொழியே தெரியாத வீடியோ எல்லாம் பார்த்தார். எங்கள் தெருவில் வோல்டேஜ் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று ஷெட் சுவரில் எழுதி வைத்தார். பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு வேறு அறைக்கு ஓடினார்கள். நான் அவர் வீட்டு வழியாகப் போவதையே நிறுத்தினேன்.

கடைசியில் ஒருநாள் மதியம் என்னைப் பிடித்து உட்கார வைத்து, போனில் சின்ன ரூட்டரின் படத்தைக் காட்டினார். "இதான் ஃபாஜில், முடிவு பண்ணிட்டேன். ஒண்ணு எண்ணூறுதான். கைக்கு அடக்கம். பெட்டியில ஒரு மூலையில வச்சுடலாம்."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த லாத்தாவின் கை நின்றுவிட்டது. பயணப் பெட்டியைப் பழக்க தோஷத்தில் சொன்னாரா, திரும்பிப் போகிற எண்ணத்தில் சொன்னாரா என்று யாருக்கும் தெரியவில்லை. மச்சானோ எதையும் கவனிக்காமல் குழம்பு மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் கைகழுவப் போனதும் லாத்தா என்னிடம் வந்தாள். "பழைய கம்பெனி மலையாளி மேனேஜர் இவங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கான். ஷார்ஜாவுக்குப் பக்கத்துல அஜ்மான்ல புது கடையாம், விசா ரெடியாம். இவங்க இன்னும் வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. போயிடுவாங்க ஃபாஜில். இந்தத் தடவையும் போனாங்கன்னா எனக்குத் தாங்காது."

லாத்தாவுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அதில் அவர்கள் சேர்ந்து இருந்ததைக் கூட்டினால் நாலு வருஷம் தேறாது.

அந்த வாரமே தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். என் கடையைச் சாத்திவிட்டு, என் ஆம்னி வேனில், என் பெட்ரோலில். ஹார்டுவேர் கடைப் பக்கமே எட்டிப் பார்க்காத லாத்தா, "நானும் வரேன்" என்று முன்னாடியே ஏறி உட்கார்ந்துவிட்டாள். திருவாரூர் தாண்டியதும் பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, மீதிப் பாதியில் அறுப்பு மிஷின் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த மிஷினுக்குப் பின்னால் மணிக்கு எட்டு கிலோமீட்டரில் போனபடி மச்சான் ரூட்டரின் சுழற்சி வேகம் பற்றி எனக்கு வகுப்பெடுத்தார். இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது.

கடைக்காரர் துரைராசு பெரிய சிரிப்போடு வரவேற்றார். "வாங்க பாய், வாங்கம்மா." மச்சான் கேட்ட சின்ன ரூட்டரை எடுத்து மேஜையில் வைத்தார். மச்சான் அதைக் கையில் தூக்கினார். முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. "ஒண்ணு எண்ணூறு" என்றார். துரைராசு அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மச்சானை ஒரு மாதிரி பார்த்தார்.

"முதல் மிஷினுக்கு இதுதான் பாய் சரி. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

அப்போதுதான் லாத்தா வாயைத் திறந்தாள். "ஏங்க, இதை பிளேன்ல கொண்டு போவலாமா?"

வெளிநாட்டுப் பார்ட்டி என்று துரைராசு குஷியாகிவிட்டார். "தாராளமா கொண்டு போவலாம்மா. பெட்டியில எங்க வச்சீங்கன்னு உங்களுக்கே தெரியாது."

"அப்ப இது வேணாம்."

மச்சான் ரூட்டரைக் கீழே வைக்கவில்லை. லாத்தாவையே பார்த்தார். துரைராசு பெரியதை எடுத்து வந்தார், ஆறு கிலோ, இரண்டு கைப்பிடி.

"இதையும் கொண்டு போவலாமா?"

"ஆறு கிலோதானம்மா. துணிமணியைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா போதும்."

"முப்பது கிலோவுக்கு மேல எதுவும் இல்லையா உங்கக்கிட்ட?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மச்சான் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. துரைராசுவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவருக்கு இது பொன்னான நேரம். ரூட்டரை அடியில் தலைகீழாக மாட்டி வேலை செய்கிற வார்ப்பிரும்பு மேஜை ஒன்று குடோனில் இரண்டு வருஷமாக விலைபோகாமல் கிடந்ததாம். நாலு பேர் சேர்ந்து மூச்சு வாங்கத் தூக்கி வந்து நடுக்கடையில் இறக்கினார்கள்.

"தூக்கிப் பாருங்க" என்றாள் லாத்தா.

மச்சான் சின்ன ரூட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து பிடித்தார். ஒரு கால் மட்டும் லேசாக எழும்பியது, மற்ற மூன்றும் அசையவில்லை. இருபத்துமூன்று வருஷத்தில் முதல் முறையாக அவருக்கு எடை தெரியவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், நானும் சிரித்தேன், மேஜையைத் தூக்கி வந்த நாலு பேரும் ஏனென்று தெரியாமலே சிரித்தார்கள். லாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

"இதையே எடுத்துக்கலாம்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

மச்சான் சிரிப்பை நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். அத்தனை பேருக்கும் முன்னால், மேனேஜரின் பெயரை அழுத்தி, வாயருகே பிடித்துப் பேசினார். "சாரே, ஞான் இனி வரில்லா. வேற ஆளே நோக்கிக்கோ."

அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார். லாத்தா அவரை விடுவதாக இல்லை.

"எனக்குத் தமிழ்ல சொல்லுங்க."

"நான் போவல, ஹஃப்ஸா."

லாத்தா அங்கேயே நின்று அழுதாள். துரைராசு பில் புத்தகத்தைத் திறந்து, மேஜையின் பெயரை எழுதத் தொடங்கியிருந்தார். லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப மேஜை வேணாங்க. இவங்க கக்கத்துல இடுக்கியிருக்காங்க பாருங்க, அந்தச் சின்னதையே கட்டுங்க."