சாயக்காரியின் இடது ஆள்காட்டி விரல்

"மோந்து பாருய்யா! இது உன் மை இல்ல, எவன் வீட்டுத் திரைச்சீலைக்கோ போட்ட சாயம்!"

போன நாடாளுமன்றத் தேர்தலில், ஓட்டுச்சாவடியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி என் நாத்தனார் இப்படிக் கத்தினாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவள் விரலைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே போட்டுட்டு வந்தீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். கொஞ்சம் பொறுத்திருந்தால் பட்டியலைப் பார்த்து உள்ளே விட்டிருப்பார்கள். இவளுக்குப் பொறுமை ஏது? அவர் மூக்குக்கு நேரே விரலை நீட்டினாள். வரிசையில் எவனோ "கள்ள ஓட்டு" என்று சொல்லிச் சிரித்தான். ஓட்டும் போடாமல், முகம் சிவக்க வெளியே வந்துவிட்டாள். அந்த ஒரு சொல் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

சாயப்பட்டறையில் அவளுக்கு வேலை. வெளுத்துப்போன துணியைக் கொடுத்தால் கருநீலமாக்கித் தருகிற இடம். சாயம் பிடித்ததா என்று அவள் கண்ணால் பார்ப்பதில்லை. வலது கை கோலால் கிளறும், இடது கை தொட்டிக்குள் போய்த் துணியை நெருடிப் பார்க்கும். அதனால் இடது கை மணிக்கட்டு வரை நீலம். "இந்தக் கையால போட்டதைத் தின்னது போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் புருஷன்காரன் போனான். நல்லதாய்ப் போயிற்று. அவன் சம்பாதித்ததைவிடத் தின்றதுதான் அதிகம்.

அவள் இருந்த கட்டடத்தை இடித்ததும் என் மாடி அறைக்குக் குடிவந்தாள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே உடைந்த மின்விசிறிதான் குடியிருந்தது. அடுத்த தேர்தல் பேச்சு கிளம்பியது.

"அண்ணி, வீடே இல்லாத இடத்துல என் பேரு இருந்து என்ன பிரயோசனம்? இங்க மாத்தணும்."

"எதுக்கு, மறுபடி கோவிச்சுக்கிட்டு ஓடி வரவா?"

"இந்தத் தடவை போடாம வரமாட்டேன்."

தேர்தல் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த பெண் படமும் அடையாள அட்டையும் வாங்கிக்கொண்டு, புது விலாசத்துக்கு ஆதாரம் கேட்டாள். கரண்ட் ரசீது என் பெயரில்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். புருஷனோட தங்கச்சி, என் தலையெழுத்து."

சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினாள். இவள் என் வீட்டில்தான் இருக்கிறாள் என்று கைநாட்டு வைத்தேன். பிறகு ஒருவர் வீட்டுக்கே வந்து மாடி அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியதும், வேலை முடிந்த கையோடு ஓடினாள். நானும் போனேன். தன் பெயரைக் கண்டதும் விரலால் தடவினாள்.

"வந்துடுச்சு அண்ணி!"

"பேரு வந்துச்சு. விரலு? பாரு, தாளே நீலமாப் போச்சு."

அவள் முகம் வாடிவிட்டது.

"கிளவுஸ் வாங்கிப் போடுடி."

"போட்டா துணி பிடிபடாதே."

"அப்ப இந்தத் தடவையும் மோந்து பாருன்னு கத்து."

மறுநாள் ரப்பர் கையுறை வாங்கினாள். அதிலும் குறுக்கு வழி. இடது கைக்கு மட்டும் உறை, நெருடுவது இனி வலது கை. அந்தக் கைக்கு என்ன தெரியும்? எவருடைய கால்சட்டையோ திட்டுத்திட்டாக வந்தது.

"என்னம்மா, வரிக்குதிரைக்கா சாயம் போட்ட?" என்றார் முதலாளி.

"தேர்தல் முடியற வரைக்கும் பொறுத்துக்குங்க."

"ஏன், நீயா நிக்கிறே?"

"நின்னா உங்க ஓட்டு எனக்கு வேண்டாம்."

திரும்ப முக்கிச் சரிசெய்தாள். போகப்போக வலது கையும் பழகியது. இடது கை வெளுத்தது, நீல நகம் வளர வளர வெட்டி எறிந்தாள்.

ஓட்டு நாளில் அவளுக்குப் பின்னாலேயே நின்றேன். கேட்பதற்கு முன்பே இடது விரலை நீட்டினாள். பச்சைப் பிள்ளை விரல் மாதிரி இருந்தது. ஆனால் அந்த அதிகாரியின் பார்வை போனது நீலமாகத் தொங்கிய வலது கைக்கு.

"அது என்னம்மா?"

அவள் மூச்சை இழுத்ததுமே முதுகில் கிள்ளினேன்.

"சாயப்பட்டறையில வேலைங்க" என்றாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

"சரிம்மா" என்று மையைத் தீட்டினார். மறைப்புக்குப் பின்னால் போய் ஓட்டைப் போட்டுவிட்டு, கல்யாணப் பெண் மாதிரி தலை நிமிர்ந்து வந்தாள். வாசலில் விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"கெட்டியாப் பிடிச்சிருக்கு அண்ணி. என்னத்தைப் போட்டுக் காய்ச்சறானுங்களோ."

மறுநாளும் இடது உறையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"இன்னும் எதுக்குடி அது?"

"தொட்டியில விட்டா மை மறைஞ்சிடாதா? நாலு பேரு பாக்கட்டும்."

"அப்ப சும்மா கிடக்கற வலது உறையைக் குடு, நான் கக்கூஸ் கழுவிக்கறேன்."

"எடுத்துக்குங்க. ஒத்தையாத்தான் கேட்டேன், கடைக்காரன் பிரிச்சுத் தரமாட்டேன்னுட்டான். ஜோடி எழுபது."