முந்நூறு அடி

நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது பதினோராம் வயதில். இந்த நிகழ்ச்சி அதற்கு மூன்று ஆண்டுகள் முந்தையது. எனவே இதற்கு எழுத்துச் சாட்சி கிடையாது. நிச்சயமாக நினைவிருப்பதை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

என் காதுகுத்து வடமதுரைக்குக் கிழக்கே, எங்கள் குலதெய்வக் கோயிலில் நடந்தது. கோயில் கட்டி முடியும்வரை குடும்பத்தில் யாருக்கும் காது குத்துவதில்லை என்று முடிவாகியிருந்ததால் எட்டு வயதுவரை எனக்கு வெறுங்காதுதான். அப்பா திண்டுக்கல்லில் அரசு அலுவலக எழுத்தர். அம்மா குஜிலியம்பாறைப் பக்கம். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளை வளர்த்து, பத்தாவதுவரை படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தவர் அவளுடைய ஒரே அண்ணன். அவர்தான் என் தாய்மாமன். காது குத்தும்போது பிள்ளை உட்காரவேண்டியது தாய்மாமன் மடியில். அதற்கு வேறு மடி கிடையாது.

தாய்மாமன் நேராகக் கோயிலுக்குள் வந்துவிடவும் மாட்டார். சீர்த்தட்டுகளோடு ஊர் எல்லையில் நிற்பார். பிள்ளையின் அப்பா மேளத்தோடு போய், மாலை போட்டு, சந்தனம் கொடுத்து அழைத்துவர வேண்டும். எங்களுக்கு எல்லை என்பது பஸ் நிற்கும் முக்கு. கோயிலிலிருந்து முந்நூறு அடி என்பார்கள். பிற்பாடு ஒருமுறை நடந்து எண்ணினேன், முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. இடையில் கருவேலங்காடு. அங்கே நிற்பவருக்குக் கோயில் தெரியாது, மேளம் மட்டும் கேட்கும்.

மாமா காலை பத்தரைக்கே லாரியில் வந்து இறங்கிவிட்டார். நாற்பத்தொரு தட்டு, இரண்டு கிடாய், கூட முப்பது பேர். அதே நேரத்தில் அப்பாவின் மேலதிகாரி ஜீப்பில் வந்தார். எங்கள் ஊருக்கு ஜீப் வருவது சாதாரண விஷயமில்லை. அப்பா அவருக்கு நாற்காலி போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மாலையைச் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினார்.

சித்தப்பா கொண்டுபோன மாலையோடு திரும்பி வந்தார்.

"மச்சான் வெயில்ல ரொம்பக் களச்சுப்போயிட்டாருண்ணே. நீங்க ஒரு எட்டு வந்துட்டா நல்லாருக்கும்" என்றார்.

மாமா உண்மையில் என்ன சொன்னார் என்பது இன்றுவரை தெரியாது. சித்தப்பாவின் வேலையே அதுதான். யார் எதைச் சொன்னாலும் அதைப் பாதி வழியிலேயே கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்.

அப்பா அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். "அவரென்ன புது ஆளா? முந்நூறு அடிதான, நடந்து வரச்சொல்லு."

முகூர்த்தம் பன்னிரண்டோடு முடிகிறது. மணி பதினொன்று இருபது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா திரும்பவில்லை. சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வா தாயி, ஒன்னயப் பாத்தா மாமனுக்கு மனசு எறங்கிரும்."

அந்த வருடம்தான் நான் பள்ளி விழாவில் ஒப்புவித்தலில் முதற்பரிசு வாங்கியிருந்தேன். பாடப்புத்தகக் கதை. எதிரியின் தூதனுக்காகச் சிம்மாசனத்தைவிட்டு எழ மறுத்து, கோட்டையையே இழந்த ஓர் அரசன் அதில் வருவான். முதல் வரிசையில் அப்பாவும் மாமாவும் அருகருகே உட்கார்ந்து கைதட்டினார்கள். 'புள்ள ஒரு சொல்லு விடமாட்டா' என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் அதில் கொஞ்சமல்ல, நிறையவே தலைக்கனம் இருந்தது.

முக்கில் மாமா என்னைத் தூக்கவில்லை. எப்போதும் தூக்குவார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் பெண்கள் தட்டுகளைத் தலையில் வைத்தபடியே நின்றார்கள். யாரோ ஒருத்தி, "தட்ட எறக்கவா வேண்டாமான்னு ஒரு வார்த்த சொல்லுங்கப்பு, கழுத்து ஒடியுது" என்றாள். கூட்டத்தில் ஓர் ஆள், "மாப்ள ஜீப்புக்குக் காத்து அடிச்சுக்கிட்டு இருக்காராம்" என்றான். சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்தபடியே குனிந்து என்னிடம் சொன்னார்:

"ஒங்கப்பன்கிட்டப் போயிச் சொல்லு தாயி. பொண்ணக் குடு பொண்ணக் குடுன்னு எங்க வாசலுக்கு மூணு தடவ நடந்த காலு, இன்னைக்கு முந்நூறு அடி நடக்காதான்னு மாமா கேட்டாருன்னு சொல்லு."

சித்தப்பா பதறிப்போனார். "ஏத்தா, அதெல்லாம் வேண்டாம். மாமா கூப்புடுறாருன்னு மட்டும் சொல்லு." சொல்லிவிட்டு, மாமாவைச் சமாதானப்படுத்த அங்கேயே நின்றுவிட்டார். நான் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

கோயில் வாசலில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். மேடையில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூச்சை இழுத்து, மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். 'பொண்ணக் குடு பொண்ணக் குடு' என்ற இடத்தில் அவர் இழுத்த இழுப்பையும் சேர்த்தே சொன்னேன்.

யாரோ கையிலிருந்த தாம்பாளத்தைத் தரையில் வைத்த ஒலி கேட்டது. பிறகு அந்த மேலதிகாரி சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாகத் தோன்றவில்லை. ஒரு சிறுமி இப்படிப் பேசினால் வெளியாட்கள் சிரிப்பார்கள்தான்.

அப்பா எழுந்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நேராகக் காது குத்த வந்திருந்த ஆசாரியிடம் போய், அவர் எதிரே போட்டிருந்த மணையில், மாமாவுக்கென்று போட்டிருந்த மணையில், சம்மணமிட்டு உட்கார்ந்தார். என்னைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"குத்துங்க."

ஆசாரிக்குக் கை வரவில்லை. "மாமன் மடியிலங்க..." என்று இழுத்தார்.

அம்மா ஓடிவந்து அப்பாவின் தோளைப் பிடித்தாள். கூட்டத்தின் முன்னால் அவள் அப்பாவைத் தொட்டு நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். "எங்கண்ணன் வெயில்ல நிக்கிதுங்க. இந்தா, நானே போயிக் கையப் பிடிச்சுக் கூட்டியாந்துர்றேன். செத்த நேரம் பொறுங்க."

"நீ அந்த முக்குக்குப் போனா அப்படியே போயிரு" என்றார் அப்பா.

அம்மாவின் கை தானாக விழுந்தது. ஆசாரி குத்தினார். மேளக்காரர்கள் பழக்கத்தில் கொட்டி முழக்கிவிட்டார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. நான் அலறினேன். அப்பா என் தலையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டார்.

முக்கில் நடந்ததைச் சித்தப்பா சொல்லித்தான் தெரியும். மேளம் கெட்டியாகக் கேட்டதும், நம்மை அழைக்கத்தான் புறப்பட்டுவிட்டார்கள் என்று மாமா தோள்துண்டை உதறிப் போட்டு நிமிர்ந்து நின்றாராம். பெண்கள் தட்டுகளைச் சரிசெய்துகொண்டார்களாம். சத்தம் ஓரடியும் நகர்ந்து வராமல் நின்ற இடத்திலேயே அடங்கியபோதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. பிறகு, "எறக்குங்க" என்று ஒரு சொல் சொன்னாராம்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது லாரி இல்லை, ஆட்களும் இல்லை. தார்ச்சாலை ஓரத்தில் நாற்பத்தொரு தட்டுகள் வரிசையாக இருந்தன. பழம், பூ, வளையல், அதிரசம், பாவாடைத் துணி. ஒரு தட்டில் மஞ்சள் தாளில் பொதிந்த சிறிய தோடு. கிடாய்கள் இரண்டும் மைல்கல்லில் கட்டப்பட்டிருந்தன. புறப்பட்ட சீரைத் திருப்பி எடுத்துப்போக அவருக்கு மனமில்லை, உள்ளே கொண்டுவந்து கொடுக்கவும் மனமில்லை. ஒருத்தரும் தொடக்கூடாது என்று கோயிலிலிருந்தே சொல்லியனுப்பினார் அப்பா. ஜீப் எப்போது போனதென்று யாரும் கவனிக்கவில்லை.

இருபத்தாறு கிலோமீட்டர் தூரத்தில் இருந்த அண்ணனை அம்மா அதன்பிறகு உயிரோடு பார்க்கவே இல்லை. இரண்டு ஆண்களும் பத்தொன்பது ஆண்டுகள் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்தார்கள். மாமா இறந்த செய்தி வந்தபோது முதலில் செருப்பை மாட்டியவர் அப்பாதான்.

காது குத்திய அன்று மத்தியானம் எல்லோரும் பந்தியில் இருந்தபோது அம்மாவைக் காணாமல் தேடிக்கொண்டு முக்குக்குப் போனேன். தட்டுகளின் நடுவே, வெறுந்தரையில், குஜிலியம்பாறைச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கமிருந்து பஸ் வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள், பஸ் போனதும் உட்கார்ந்தாள். பழத்தட்டுகளில் காக்கைகள் வந்து இறங்கியபடி இருந்தன. அம்மா தட்டுகளுக்குக் காவல் இருக்கிறாள் என்று நினைத்தேன். பாவம், தனியாக எத்தனை காக்கையை விரட்டுவாள் என்று ஒரு கருவேலங்குச்சியை ஒடித்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன். வலிக்கிற காதோடு, பொழுது சாய்கிறவரை, ஒரு காக்கையையும் நெருங்கவிடாமல் விரட்டினேன்.